பந்தை முறைக்காதீர்கள்

டென்னிஸ் கோர்ட்டில் அதிகம் செலவாகும் அறிவுரை எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடலாம்: “பந்தைப் பாருங்க சார்.” கிளப்பில் ஆடப் பழக்கும் மார்க்கர் சொல்வார். டபுள்ஸில் கூட ஆடுபவர் சொல்வார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பவரும் தன் பங்குக்குச் சொல்வார். நெட்டில் அடித்துவிட்டு நாமே நமக்குச் சொல்லிக்கொள்வதும் இதையேதான். அறிவுரையில் குற்றமில்லை. அதைக் கேட்டதும் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று கவனித்தால்தான் வேடிக்கை.

புருவம் நெரியும். கண் இடுங்கும். தாடை இறுகி, கீழுதடு உள்ளே மடியும். கழுத்து முன்னால் நீளும், தோள் மேலே ஏறும். கடைசியாக, மட்டையைப் பிடித்திருக்கும் கையின் விரல் கணுக்கள் வெளுக்கும். பந்து வந்து சேர்வதற்குள் ஆள் விறைத்துப்போயிருப்பார். சாதாரணமாக வந்த பந்து அவர் மட்டையின் விளிம்பில் பட்டு வேலிக்கு வெளியே போகும். “பார்த்துக்கிட்டேதான் சார் இருந்தேன்” என்பார். பொய்யில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைச் சோதித்துப் பார்க்க மட்டையோ கோர்ட்டோ வேண்டாம். எதிர்ச் சுவரில் தொங்கும் காலண்டரில் ஏதாவது ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, உங்கள் பலம் முழுவதையும் கண்ணில் கொண்டுவந்து உற்றுப் பாருங்கள். சற்று நேரத்தில் பார்த்தால் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பீர்கள், பல்லையும் கடித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தத் தேதி மட்டும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்காது.

இப்படிப் பலத்தைப் போட்டுப் பார்ப்பதால் பயனில்லை என்பதற்குக் கணக்கே சாட்சி. கோர்ட்டின் நீளம் 78 அடி, அதாவது 23.77 மீட்டர். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் ஒரு சர்வைக் காற்றும் தரையும் சேர்ந்து ஏறக்குறைய பாதி வேகத்துக்கு இறக்கிவிடுகின்றன. அப்படியும் அரை நொடியைக் கொஞ்சம் தாண்டுவதற்குள் அது எதிர்ப்பக்கம் வந்துவிடும். அதில் கண்டு, புரிந்து, உடம்பு அசையத் தொடங்குவதற்கே 0.2 நொடி போய்விடும். பந்து தொலைவில் இருக்கும்வரை கண் அதோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே வரும். நம்மைக் கடக்கும் கடைசி ஓரிரு மீட்டரில் அந்த ஆற்றல் கண்ணுக்கு இல்லை. எவ்வளவு முறைத்தாலும் இல்லை. மட்டை நரம்புகளில் பந்து ஒட்டியிருப்பதோ நாலைந்து மில்லி நொடிதான். அதைப் பார்த்தேன் என்று சொல்பவர் பார்க்கவில்லை, ஊகித்திருக்கிறார்.

இதைக் கிரிக்கெட்டில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் திறமையில் வெவ்வேறு படியில் இருந்த மூன்று பேட்ஸ்மேன்களின் தலையில் கேமராவைப் பொருத்தி, எந்திரத்திலிருந்து பந்து போட்டு, அவர்களுடைய கண் எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். முடிவு 2000-இல் வெளிவந்தது. பந்து புறப்படும் இடத்தைக் கண் பார்க்கிறது. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவி அங்கே காத்திருக்கிறது. திறமை கூடக் கூட அந்தத் தாவல் சீக்கிரமே நடந்துவிடுகிறது. ஆக, நன்றாக ஆடுபவர் பந்தை இடைவிடாமல் பார்ப்பதில்லை; பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்துவிட்டு மற்ற இடத்தில் விட்டுவிடுகிறார். எனக்கு இது பெரிய ஆறுதல்.

உடனே ஒரு கேள்வி வரும்: அப்படியானால் ஃபெடரர்? பந்து பறந்துபோன பிறகும் அவர் தலை மட்டையில் பட்ட இடத்தையே நோக்கித் திரும்பியிருக்கும் படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். பந்து நரம்பில் படுவதை அவர் காண்கிறார் என்று அதற்குப் பலர் விளக்கம் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் தலையை அசைக்காமல் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். தலை ஆடாததால் தோளும் இடுப்பும் தம் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. பந்து எங்கே போய் விழுந்தது என்று பார்க்கும் அவசரம் இல்லாததால் தலையும் ஆடவில்லை. அந்தப் படங்களில் முகத்தைக் கவனியுங்கள். முழு வேகத்தில் ஃபோர்ஹேண்ட் அடித்துக்கொண்டிருக்கும் மனிதருடைய கன்னம், ஏதோ வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவருடையதைப் போலத் தளர்ந்து கிடக்கும்.

கண்ணைத் தளர்த்து என்றால் எப்படித் தளர்த்துவது? “ரிலாக்ஸ்” என்று கத்தினால் யாரும் ரிலாக்ஸ் ஆனதில்லை. திமோதி கால்வே என்ற அமெரிக்கர் 1974-இல் எழுதிய ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ புத்தகத்தில் இதற்கு ஒரு குறுக்குவழி சொல்லியிருக்கிறார். பார் என்று கட்டளை இடாமல், பார்ப்பதற்கு ஒரு விஷயத்தைக் கொடு. பந்தின் தையல் எப்படிச் சுழன்று வருகிறது? நெட்டை எவ்வளவு உயரத்தில் தாண்டுகிறது? கண்ணுக்கு ஆர்வம் பிறந்துவிட்டால் உழைப்பு தேவைப்படாது.

எங்கள் கிளப்பில் நெடுநாள் இருந்த மார்க்கர் ஒருவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்னதும் அதுதான்: “சார், பந்தை முழுங்கிடற மாதிரி பார்க்காதீங்க. அது எந்தப் பக்கம் சுத்திக்கிட்டு வருதுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க, அடிக்கிறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.” சொல்லிப் பார்த்தேன். தையல் என்கிறோமே தவிர அதில் நூல் கிடையாது. ரப்பர் உருண்டையின் மேல் இரண்டு துண்டு கம்பளித் துணியை ஒட்டும்போது நடுவில் வளைந்து ஓடும் வெளிர்நிற ரப்பர் கோடு அது. ஸ்லைஸ் செய்த பந்து மிதந்து வரும்போது அந்தக் கோடு பின்னோக்கி உருள்வது சில சமயம் தெளிவாகவே தெரியும். டாப் ஸ்பின் என்றால் கோடு கலைந்து, பந்தின் விளிம்பு முழுக்க ஒரு மங்கல். இதைத் தேடுகிற வேலையில் இறங்கிவிட்டால் புருவத்தை நெரிக்க மறந்துபோகிறது. களிமண் கோர்ட்டில் மூன்று செட் அடிவாங்கிச் செம்மண் நிறமான பந்தில் மட்டும் கடவுளே வந்தாலும் தையல் தெரியாது. புதுப் பந்து வாங்க மனம் வராத கிளப் செயலாளர்கள் கவனிக்க. (பந்து மஞ்சளானதே கண்ணுக்காகத்தான், அதுவும் தொலைக்காட்சி பார்ப்பவர்களின் கண்ணுக்காக. 1972-இல் விதியில் மஞ்சள் சேர்ந்தது. விம்பிள்டன் மட்டும் பிடிவாதமாக வெள்ளையிலேயே நின்று 1986-இல்தான் மாறியது.)

கால்வேயின் இன்னொரு பயிற்சி இதைவிட எளிது. பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல். நாங்கள் “தரை”, “மட்டை” என்று சொல்லிக்கொள்வோம். பக்கத்துக் கோர்ட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இதில் நான் ரசிப்பது, குரல் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதை. பதற்றமாக இருப்பவர் “மட்டை” என்பதைப் பந்து வருவதற்கு முன்பே சொல்லிவிடுவார், அல்லது பந்து போன பிறகு சொல்வார். குரலும் உயர்ந்து ஒலிக்கும். சொல்லும் சத்தமும் ஒன்றாக விழத் தொடங்கும்போது ஆட்டம் தானாகவே இலகுவாகியிருக்கும்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாகப் போட்டுக்கொள்ளும் ப்ரோக்ரெசிவ் லென்ஸ் ஆபீசுக்கு அருமையானது, டென்னிஸுக்குத் தொல்லை. அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. தாழ்வாக வரும் பந்தை அதன் வழியே பார்த்தால் மங்கும். மங்கலைச் சரிசெய்யக் கழுத்தை மடக்குவோம், கழுத்தோடு தோள் போகும். தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றை விளையாட்டுக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. இதைச் செய்யாமல் தியானம் பயின்று பயனில்லை.

தியானம் என்றதும் நம்மூரில் பாண்டிச்சேரி நினைவுக்கு வருபவர்கள் உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தில் டாக்டர் ஆர். எஸ். அகர்வால் தொடங்கிய கண் பயிற்சிப் பள்ளி பிரபலம். அதன் வேர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் பேட்ஸ் 1920-இல் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. பார்க்க முயன்று கண்ணை வருத்துவதால்தான் பார்வை கெடுகிறது என்பது அவர் கட்சி. கண்ணாடியைத் தூக்கி எறியலாம் என்றும் சொன்னார். இதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் மாறுவது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் வேலை, பேட்ஸ் நினைத்ததுபோல வெளித்தசைகள் கண் உருண்டையை நீட்டிக் குறுக்குவதால் அல்ல. சூரியனை நேராகப் பார்க்கிற பயிற்சியெல்லாம் வேண்டவே வேண்டாம். ஆனால் உள்ளங்கையால் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்காருவது சுகமான காரியம். கண்ணின் பவர் குறையாது, முகம் தளரும். ஆட்டக்காரனுக்கு அது போதும்.

என் அனுபவத்தில் பலன் அதிகம் தந்தது பாயிண்டுக்கும் பாயிண்டுக்கும் நடுவே கண்ணை என்ன செய்கிறோம் என்பதுதான். சாயங்காலம் கோர்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பகல் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்கள். திரையைப் பார்க்கும்போது இமைப்பதே குறைந்துவிடுகிறது, கிட்டத்தில் பார்ப்பதற்காகச் சுருங்கும் உள்தசைக்கும் ஓய்வில்லை. தூரத்தைப் பார்த்தால்தான் அது தளரும். ஆகவே நான் இறங்கியதும் அடிக்கத் தொடங்குவதில்லை. வேலிக்கு அப்பால் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அந்தி நேரத்தில் அதன் இலைகள் ஜோடி ஜோடியாகக் கைகூப்பத் தொடங்கும். ஒரு கிளையின் விளிம்பைக் கண்ணால் மெதுவாகத் தடவிக்கொண்டே போவேன், நாலு தடவை இமைப்பேன், பிறகு ஆடப் போவேன். மரியா ஷரபோவா ஒவ்வொரு பாயிண்டுக்கு முன்னும் எதிராளிக்கு முதுகைக் காட்டி நின்று மட்டை நரம்புகளைப் பார்ப்பாரே, அதுவும் இந்த வகையே. எதைப் பார்க்கிறோம் என்பது முக்கியமில்லை. ஸ்கோர்போர்டையும், எதிராளியின் முகத்தையும், நம் மேல் எரிச்சலாக இருக்கும் பார்ட்னரையும் பார்க்காமல் இருப்பதுதான் முக்கியம்.

தளர்ந்த கண் என்றால் மந்தமான கண் என்று நினைத்துவிடக் கூடாது. போரிஸ் பெக்கருடைய சர்வைச் சமாளிக்க முடியாமல் இருந்த ஆந்த்ரே அகாஸி, அவருடைய ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்ததாகப் பின்னாளில் சொன்னார்: சர்வ் செய்வதற்குச் சற்று முன் பெக்கர் நாக்கை நீட்டுவார், நாக்கு போகும் திசையில் சர்வ் வரும். இருவரும் ஆடிய 14 ஆட்டங்களில் 10 அகாஸிக்கு. பந்தையே முறைத்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அந்த நாக்கு தெரிந்திருக்காது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் என்ற பேராசிரியை கூடைப்பந்து ஆடுபவர்களை ஆராய்ந்து, தேர்ந்தவர்களின் கண் எறிவதற்கு முன் ஓரிடத்தில் அலையாமல் கூடுதல் நேரம் தங்குவதைக் கண்டு, அதற்குக் ‘க்வைட் ஐ’ என்று பெயர் வைத்தார். பதற்றம் வந்தால் முதலில் கெடுவது இந்தத் தங்கல்தான். கண் அங்குமிங்கும் ஓடத் தொடங்கும்.

தளர்ந்த கண்ணுக்கு உதாரணம் தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அப்போதைய முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தினார். இருவரிடமும் பேர் சொல்லும்படியான சர்வ் வேகம் கிடையாது. அவர்கள் வாழ்ந்தது தொடுகையில், நேரத்தில், பந்தைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வதில். ரமேஷ் ஆடிய பழைய வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவர் முகத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் பாயிண்ட் நடக்கிறதா, முடிந்துவிட்டதா என்று சொல்வது கஷ்டம். இன்றைய அகாடமிகளில் பிள்ளைகளை உறுமச் சொல்லிக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண் தளர்ந்ததால் கால் வேகமாகிவிடாது. முழங்கால் வலி போகாது. நமக்கு எட்டாத பந்து நமக்கு எட்டாததுதான். எட்டுகிற பந்துகளில் வீணாவது குறையும், ஒரு மணி நேரம் ஆடிய பிறகு கழுத்தும் முன்கையும் வலிப்பது குறையும். எனக்கு இந்த இரண்டுமே நடந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று “பந்தைப் பாரு! பந்தைப் பாரு!” என்று பிள்ளைகளை நோக்கிக் கத்துகிற அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளை பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கத்திய பிறகு உங்களையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும், ஜெயித்தாயா என்று கேட்பதற்கு முன்னால், எதிரில் ஆடிய பையனின் பந்து எந்தப் பக்கமாகச் சுழன்று வந்தது என்று கேளுங்கள். அடுத்த வாரம் அது தானாகவே பார்த்துவிட்டு வந்து சொல்லும்.