கதவருகே இருந்த வில்லைகள்

'பொருள்' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொறுப்புகள் அதிகம். சொல் உணர்த்துவதும் பொருள். ஈட்டிய செல்வமும் பொருள். கண்ணெதிரே கிடக்கும் கல்லும் இரும்பும் பொருள். ஆகவே, வடமாநிலம் ஒன்றிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் அவள் பொருளறிவியல் படிக்கப் போகிறாள் என்றபோது, உறவினர் பலர் அதைப் பொருளாதாரம் என்றே எடுத்துக்கொண்டனர். "பேங்க் பரீட்சைக்கு உதவும்மா" என்று மாமா ஒருவர் ஊக்கமும் கொடுத்தார். அவள் திருத்தவில்லை. திருத்தினால் அடுத்து எழும் வினாவுக்கு அவளிடமும் அப்போது விடை இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள் அவள். முதுகலையின் முதல் பருவத்தில், ஆசிரியர் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன் என்று கரும்பலகையில் எழுதியபோது, குறிப்பேட்டின் ஓரத்தில் தகைவு, திரிபு என்று எழுதிக்கொண்டாள். திரிபு என்பது அவளுக்கு இருமுறை பழகிய சொல். இலக்கண வகுப்பில் பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகத் திரியும். இயற்பியல் வகுப்பில் விசையைத் தாங்கும் கம்பி திரியும். இரண்டிலும் ஒன்று தன் வடிவை விட்டுக்கொடுக்கிறது. அந்த ஓரக்குறிப்புகளே முதல் ஆண்டைக் கடக்கப் படகாயின.

பொருளறிவியல் எல்லையில் குடியிருக்கும் துறை. உலோகவியல், பீங்கானியல், இயற்பியல், வேதியியல் எல்லாம் அதில் வந்து கலக்கின்றன. ஆனால் தேர்வு என்று வரும்போது வீடு இல்லை. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இதற்கெனத் தனித் தாள் கிடையாது. அவள் இயற்பியல் தாளை எழுதினாள்; இருமுறையும் தகுதி மதிப்பெண்ணைத் தொடவில்லை. தேர்ந்தவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்களுக்கு 8,000 ரூபாய். ஒரே ஆய்வகத்தில், ஒரே மேசையில், இருவகை மாதங்கள் நடந்தன.

அவள் எடுத்துக்கொண்டது பேரியம் டைட்டனேட். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட மின்பீங்கான் அது. கைப்பேசிக்குள் நூற்றுக்கணக்கில் அமர்ந்திருக்கும் நுண்மின்தேக்கிகளின் உள்ளீடு பெரும்பாலும் அதுதான். செய்முறை, கேட்பதற்குச் சமையல் போன்றது. பேரியம் கார்பனேட்டையும் டைட்டானியம் டைஆக்சைடையும் எடைபோட்டு, அகேட் கல்வத்தில் மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். அலுமினா மூசையில் இட்டு 1,100 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால், கரியமில வாயு வெளியேறிப் புதுச் சேர்மம் உருவாகும். அதை மீண்டும் அரைத்து, வில்லைகளாக அழுத்தி, 1,300 பாகையில் மறுபடி சுட வேண்டும். துகள்கள் உருகுவதில்லை, உருகாமலே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகுகின்றன. உலை மெல்லச் சூடாகி மெல்லக் குளிர வேண்டும் என்பதால், ஒரு சுடுதலுக்கு இரண்டு நாள் போய்விடும்.

மூன்றாம் ஆண்டில், ஒரே உலையில் ஒரே நாளில் சுட்ட ஆறு வில்லைகளை நீரில் அமிழ்த்தி, ஆர்க்கிமிடிஸ் முறைப்படி அடர்த்தி கண்டாள். இச்சேர்மத்தின் கோட்பாட்டு அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.02 கிராம். ஒரு வில்லை அதில் 95 விழுக்காட்டை எட்டியது. மற்றவை 86 முதல் 91 வரை நின்றன. எட்டிய ஒன்றின் மின்காப்பு அளவீடுகள் அழகாக இருந்தன. ஏனையவை வெளியே சொல்லத் தக்கவையாக இல்லை.

மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பப் பத்து நாள் இருந்தது. ஆய்வக மூத்தவர், எல்லோரும் 'தீதி' என்று அழைப்பவர், இரக்கத்துடன்தான் சொன்னார்: "நல்ல வில்லையின் அளவைப் போடு. சிறந்த மாதிரியை வெளியிடுவது வழக்கந்தானே? அதில் பொய் எதுவும் இல்லை." அது உண்மையும்கூட. அந்த எண்ணை யாரும் புனையவில்லை. கட்டுரை ஒன்று கையில் இருந்தால் 8,000 ரூபாய் மாதங்கள் சீக்கிரம் முடியும் என்பதைத் தீதியும் அறிவார், அவளும் அறிவாள்.

அன்றிரவு அவள் குறிப்பேட்டைப் புரட்டினாள். எந்த வில்லை உலையில் எங்கே இருந்தது என்பதை வட்டங்களாக வரைந்து எண்ணிட்டிருந்தாள். யாரும் கேட்டுச் செய்ததன்று. கோலப்புள்ளிபோல் கைக்குப் பழகியது. நல்ல வில்லை நடுவில், வெப்பமானியின் நேர்கீழே இருந்தது. மிக மோசமான இரண்டும் கதவருகே. உலையின் முகப்பில் ஒளிரும் எண், உலை முழுவதன் வெப்பநிலை அன்று. நடுப்புள்ளியின் வெப்பநிலை மட்டுமே.

ஐயத்தைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. அதே தூளில் புதிதாக ஆறு வில்லைகள் அழுத்தினாள். முன்பு கதவருகே வைத்த எண்களை இம்முறை நடுவிலும், நடுவில் வைத்த எண்ணைக் கதவருகிலும் வைத்தாள். உலைக்கு வரிசையில் காத்திருந்ததில் ஆறு நாள் கழிந்தது. விடை மாறவில்லை: நடுவில் இருந்தவை இறுகின, கதவருகே இருந்தது நுண்துளைகளுடன் வந்தது. குறை தூளில் இல்லை, அவள் அரைத்த கையிலும் இல்லை. ஆனால் அந்தச் சிறந்த எண் சேர்மத்தின் பெருமை என்று எழுதியிருந்தால், அதைப் படித்து வேறோர் ஆய்வகத்தில் இன்னொருத்தி மாதக்கணக்கில் தன் கையையே நொந்துகொண்டிருப்பாள்.

மாநாட்டுக் கெடு கடந்துவிட்டது. துறைக் கருத்தரங்கில் பன்னிரண்டு வில்லைகளின் எண்களையும் ஒரே அட்டவணையில் வைத்தாள். தட்டுத் தடுமாறிய ஆங்கிலந்தான், அட்டவணை தடுமாறவில்லை. நெறியாளர் சற்று நேரம் பேசாதிருந்து, அந்த உலையில் முந்தைய ஆண்டுகளில் சுட்ட மாதிரிகளின் பட்டியலைக் கேட்டார். அறையில் சிலர் முகம் இறுகியது. அவ்வுலையை நம்பி எழுதிய ஆய்வேடுகளும் அங்கே இருந்தன. பாராட்டு என்று எதுவும் வரவில்லை. தீதி மட்டும் பிறகு வந்து, தம் பழைய குறிப்பேட்டில் வில்லைகள் இருந்த இடம் எழுதப்படவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுடைய மாதங்கள் இன்னும் 8,000 ரூபாய் மாதங்களே. சொந்த மாநிலத்தில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் நாளில், பொருளறிவியல் இயற்பியலுக்கு இணையானதா என்னும் வினா காத்திருக்கிறது. அதற்கு அரசாணை ஒன்றைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் அந்த உலையின் பக்கத்துச் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆறு வட்டங்கள், அவற்றுக்கு எண்கள், கதவு இருக்கும் பக்கம் ஓர் அம்புக்குறி. புதிதாகச் சேரும் மாணவர் வில்லையை உள்ளே வைக்குமுன் அதில் இடத்தைக் குறிக்க வேண்டும் என்பது ஆய்வக விதி. தாளின் மூலையில், யாருக்கும் விளங்காத எழுத்தில், சிறிதாக ஒரு சொல் இருக்கிறது: திரிபு.