வண்டி எங்கே கொதிச்சுது?

ஊட்டிக்கு எத்தனையோ தடவை போயிருப்பீங்க. காலேஜ் டூர், கசின் கல்யாணம், சும்மா ஒரு சண்டே... மேட்டுப்பாளையம் தாண்டினதும் ரெண்டு பக்கமும் பாக்குத் தோப்பு, அப்புறம் கல்லாறு, அப்புறம் மலை. அந்த ஏத்தத்துல, ரோட்டோரமா பானெட்டைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஆவி பறக்க ஒரு பழைய கார் நிக்குமே, கவனிச்சிருக்கீங்களா? பக்கத்துலயே ஒரு குடும்பம் கல்லு மேல உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும். நாம பஸ் ஜன்னல்ல இருந்து "ஐயோ பாவம்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவோம். இந்த வாரம் நம்ம டிரிப் அந்தக் காருக்குள்ளதான், ஏறிக்கோங்க!

முதல்ல ரோட்டைப் பத்திக் கொஞ்சம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சொச்சம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். நடுவுல இருக்கறது சுமார் 35 கிலோமீட்டர்தான். அதாவது ஒரு மணி நேரத்துல ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்கு வண்டி தன்னையும் தூக்கி, நம்மளையும் தூக்கி, நம்ம முறுக்கு டப்பாவையும் தூக்கணும். இதே மலையில 1899-ல இருந்து ரயில் ஏறுது. அதுக்குப் பல்சக்கரம் வெச்சிருக்காங்க. அதுவே நடு வழியில நின்னு நின்னு தண்ணி பிடிச்சுட்டுத்தான் போகும். ஆனா ஒரு வித்தியாசம். ரயில் எஞ்சின் தண்ணியைக் குடிச்சு ஆவியாக்கித்தான் ஓடுது. கார் தண்ணி குடிக்கக் கூடாது! அதே தண்ணி எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் சுத்திச் சுத்தி வரணும், அவ்வளவுதான். வாரா வாரம் ஊத்த வேண்டியிருக்குன்னா எங்கேயோ போயிட்டு இருக்குன்னு அர்த்தம்.

நம்ம வண்டி, எங்க பெரியப்பாவோட 1989 மாடல் அம்பாஸடர். மேற்கு வங்காளத்துல உத்தர்பாராங்கற ஊர்ல ஐம்பதுகளோட கடைசியில தயாராக ஆரம்பிச்சு, 2014 மே மாசத்தோட நின்னுபோன கார். இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டோட தம்பி. பெரியப்பாவுக்கு அது மூணாவது பிள்ளை. கோயமுத்தூருக்குள்ள வாரம் பூரா சமர்த்தா ஓடும். மலை ஏறினா மட்டும் கல்லாறுக்கும் பர்லியாறுக்கும் நடுவுல, ஒவ்வொரு தடவையும், முள்ளு சிவப்புக்குப் போயிடும். ஒரு ஒர்க்‌ஷாப்ல "ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டைக் கழட்டணும், இருபத்தஞ்சாயிரம் ஆகும்"னு சொல்லிட்டாங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஓடின வண்டிக்கு அவ்வளவு செலவான்னு வீட்டுல பேச்சு. பழைய இரும்பு எடுக்கறவர் வந்து சுத்திச் சுத்திப் பார்த்துட்டும் போயிட்டார்.

அப்பத்தான் பெரியப்பாவோட சிநேகிதர், மேட்டுப்பாளையம் ஸ்டாண்டுல டாக்ஸி ஓட்டி ரிட்டயர் ஆனவர், கேட்டார்: "ஏங்க தம்பி, வண்டி கொதிக்குதுன்னு எல்லாருந்தான் சொல்றாங்க. எங்க கொதிக்குதுன்னு சொல்லுங்க."

அந்த 'எங்க'தான் விஷயமே! எஞ்சின் சூடாகறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. ஆனா ஒவ்வொரு காரணமும் ஒவ்வொரு இடத்துலதான் மாட்டிக்கும்.

மேட்டுப்பாளையத்துல உருளைக்கிழங்கு லாரிக்குப் பின்னால பத்து நிமிஷம் நிக்கறீங்க. முள்ளு ஏறுது. லாரி நகர்ந்து, காத்து அடிச்சதும் இறங்கிடுது. அப்போ சந்தேகம் ஃபேன் மேலதான். நிக்கற வண்டிக்கு ஃபேனை விட்டா வேற காத்து ஏது? பழைய மாருதி 800 மாதிரி வண்டிகள்ல எலெக்ட்ரிக் ஃபேன். ஃப்யூஸ், வயர், மோட்டார், அதைச் சூடு பார்த்து ஆன் பண்ற சுவிட்ச், இதுல ஏதோ ஒண்ணு. அம்பாஸடர்ல ஃபேன் பெல்ட். அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் பேட்டரி சார்ஜையும் ஓட்டுது. டேஷ்போர்டுல சார்ஜ் லைட் எரிஞ்சு, கூடவே சூடும் ஏறினா யோசிக்கவே வேண்டாம், பெல்ட் அறுந்திருக்கும். உடனே நிறுத்துங்க.

சமவெளி ரோட்டுல நல்ல வேகத்துல போகும்போது ஏறுதுன்னா கதை வேற. காத்துக்குப் பஞ்சமில்லை. அப்போ தண்ணி சரியா சுத்தலை, இல்லைன்னா ரேடியேட்டர் உள்ளே துருவும் உப்பும் அடைச்சிருக்கு. போர் தண்ணி ஊத்தியே வளர்த்த வண்டின்னா இதுதான் முதல் சந்தேகம். வெளிப்பக்கம் தகடுகளுக்கு நடுவுல பூச்சியும் தூசியும் அப்பியிருந்தாலும் இதே கதிதான்.

டீக்கடையில நிறுத்தி ஆஃப் பண்ண அப்புறம் முள்ளு கொஞ்சம் ஏறினா பயப்படாதீங்க. பம்ப் நின்னுடுச்சு, இரும்புல இருக்கற சூடு தண்ணிக்கு வருது. அது இயல்புதான்.

நம்ம வண்டி மாட்டினது ஏத்தத்துல மட்டும். ஏத்தத்துல செகண்ட் கியர், எஞ்சின் அலறும், வண்டி ஊரும். சூடு அதிகம், காத்து கம்மி. ரேடியேட்டர் அரைகுறையா அடைச்சிருந்தாலும், இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும், பிரேக் பிடிச்ச மாதிரியே இருந்தாலும் இங்கே வெளியே வந்துடும். ஹெட் கேஸ்கட்டும் இங்கே காட்டும். அதனால, கிளம்பறதுக்கு முன்னாடியே, வண்டி குளிர்ந்திருக்கும்போது அதைத் தனியா பார்த்துட்டோம். டிப் ஸ்டிக்ல ஆயில் சுத்தமா இருந்தது. காபியில பால் கலந்த கலர் இல்லை. ஆயில் மூடிக்கு அடியில வெண்ணெய் மாதிரி எதுவும் ஒட்டலை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணினா குமிழ் வரிசையா வரலை. சைலன்சர்ல விடாத வெள்ளைப் புகை இல்லை. இதெல்லாம் இருந்திருந்தா அந்த ஒர்க்‌ஷாப் சொன்னதை நம்பியிருக்கலாம். இல்லையே!

சரின்னு கிளம்பினோம். 2024 மே மாசத்துல இ-பாஸ் நடைமுறை வந்தது. நீங்க போகும்போது நிலவரம் என்னன்னு பார்த்துக்கோங்க. நீலகிரியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை இருக்கறதால ரேடியேட்டருக்கான தண்ணி எவர்சில்வர் தூக்குல வந்தது. ஒரு தூக்கு ரேடியேட்டருக்கு, ஒரு தூக்கு சாம்பார் சாதத்துக்கு. மாத்தி ஊத்தாம இருக்கணும், அதுவும் ஒரு கவலை.

கல்லாறு தாண்டி ரெண்டு மூணு வளைவு. முள்ளு கிளம்பிடுச்சு. சிவப்பைத் தொடறதுக்கு முன்னாடியே ஒதுக்கி நிறுத்திட்டார் டிரைவர். "மூடியில கை வெச்சா கை இருக்காது"ன்னு ஒரு அதட்டல். உண்மைதான் பாஸ். உள்ளே தண்ணி நூறு டிகிரிக்கு மேலயும் கொதிக்காம இருக்கும், மூடி கொடுக்கற அழுத்தத்தால. திறந்த நொடி அழுத்தம் போய், மொத்தமும் ஆவியாகி முகத்துக்கு வரும். மேல் ஹோஸைக் கையால பிடிக்க முடியற வரைக்கும் காத்திருங்க. அப்புறம் தடிமனான துணி போட்டு, கால் திருப்பு, 'உஸ்'னு சத்தம் நிக்கட்டும், பிறகு முழுசா. சூடான எஞ்சின்ல குளிர்ந்த தண்ணியைக் கொட்டினா இரும்பு விரிசல் விடும். எஞ்சினை ஓட விட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். தண்ணி சுத்தமா வத்திப்போனா முள்ளு சில சமயம் கீழே இறங்கிடும், ஏன்னா சென்சார் தொட்டுப் பார்க்க அங்கே தண்ணியே இல்லை! அந்த முள்ளை நம்பி ஓட்டினா எஞ்சின் ஜாம் ஆகிடும்.

முக்கால் மணி நேரம் ஆச்சு. குரங்கு ஒண்ணு வந்து எங்களை வேடிக்கை பார்த்துச்சு. தண்ணி ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி, நல்லா சூடேறினதும் டிரைவர் என்னை ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுப் பிடிக்கச் சொன்னார். அவர் ஃபேனுக்கு எட்டாத தூரத்துல, பக்கவாட்டுல நின்னு கீழ் ஹோஸையே பார்த்தார். "இங்க வந்து பாருங்க தம்பி!" இப்போ பெரியப்பா மிதிக்க, நான் ஓடிப் பார்த்தா... கெட்டி சப்போட்டா ஜூஸை உறிஞ்சும்போது ஸ்ட்ரா ஒட்டிக்குமே, அப்படித் தட்டையா ஒட்டிக்கிட்டு நிக்குது ஹோஸ். காலை எடுத்தா மறுபடி உருண்டை. மிதிச்சா தட்டை.

அவ்வளவுதாங்க வியாதி! கீழ் ஹோஸ் வழியாத்தான் பம்ப் தண்ணியை உறிஞ்சுது. எஞ்சின் வேகமா சுத்தும்போது உறிஞ்சற வேகம் அதிகம். ரப்பர் வயசாகி இளகிப்போச்சு, உள்ளே தாங்கறதுக்கு இருந்த ஸ்பிரிங் துருப்பிடிச்சுக் கரைஞ்சுபோச்சு. ஏத்தத்துல எப்போ தண்ணி அதிகம் வேணுமோ அப்போ பார்த்து ஹோஸ் தன்னைத்தானே அடைச்சுக்குது. ஒர்க்‌ஷாப்ல வண்டி சும்மா ஐடில்ல ஓடும். அங்கே நூறு தடவை பார்த்தாலும் இது தெரியாது. இந்த ஏத்தம் வேணும்!

கூட்டாளி ஒருத்தன் இருந்தான்: ரேடியேட்டர் மூடி. அடியில இருக்கற ரப்பர் வெடிச்சிருந்தது, அழுத்தம் நிக்கலை. அழுத்தம் நின்னிருந்தா ஹோஸ் உள்பக்கம் அவ்வளவு சுலபமா ஒட்டியிருக்காது. இன்னொரு கணக்கும் உண்டு. உயரம் ஏற ஏற தண்ணி சீக்கிரம் கொதிக்கும். 300 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி குறையும். குன்னூர்ல 94 டிகிரியிலயே கொதிச்சிடும். 7 பி.எஸ்.ஐ. மூடி ஒழுங்கா இருந்தா அங்கேயே 107 வரைக்கும் தாங்கும். பதிமூணு டிகிரி, ஒரு சின்ன ரப்பர் வளையம்! ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல ஸ்டீம் டேபிளைப் புரட்டும்போது இதை யாராவது சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

வண்டியை நியூட்ரல்ல போடாம, கியர்லயே மெதுவா மேட்டுப்பாளையம் இறக்கினோம். ஸ்பிரிங் போட்ட ஹோஸ், ரெண்டு கிளிப், புது மூடி, எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்ள. பழைய கூலன்டை வடிச்சுட்டுப் புதுசு ஊத்தினோம். மத்தியானம் மறுபடி ஏத்தம். கல்லாறு போச்சு, முள்ளு நடுவுல. பர்லியாறு பழக்கடைகள்ல நிறுத்தலை, பெரியப்பாவுக்கு நம்பிக்கை வரலை. மரப்பாலம், காட்டேரி பூங்கா, தேயிலைத் தோட்டம்... முள்ளு அசையலை. குன்னூர்ல டீ சொல்லிட்டு, அவர் பழைய இரும்புக்காரருக்கு போன் போட்டு "வேண்டாங்க"ன்னார்.

இறக்கம் கோத்தகிரி வழி. ஏற எந்த கியரோ, இறங்கவும் அதே கியர். இல்லைன்னா எஞ்சினுக்குப் பதிலா பிரேக் கொதிக்கும், கருகின வாசனை வரும். கீழே வந்து வண்டி நல்லா ஆறினதும் மூடியைத் திறந்து தண்ணி மட்டம் பாருங்க. ஹோஸ் கிளிப்ல ஈரம் இருக்கா, பம்ப்புக்கு அடியில சொட்டு இருக்கான்னும் ஒரு பார்வை. வெளியே எங்கேயும் ஒழுகாம மட்டம் மட்டும் குறைஞ்சிருந்தா, டிப் ஸ்டிக்கை இன்னொரு தடவை எடுங்க.