சிறுதேர்

“இந்த வயதிலும் பொம்மைக் காரா?”

இந்தக் கேள்வியைக் கேட்காமல் என் விடுதி அறைக்குள் வந்து போன நண்பர் எவருமில்லை. அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, திருப்பித் தர வேண்டிய நாள் கடந்துபோன நூலகப் புத்தகங்கள் நான்கு, அலமாரியின் மேல்தட்டில் 11 மோட்டார் கார்கள். இவ்வளவுதான் என் அறை. அந்தப் பதினொன்றும் ஒரே கார் என்பது இன்னும் வேடிக்கை. எல்லாம் போர்ஷே 911. மிகச் சிறியது என் சுண்டுவிரல் நீளம். மிகப் பெரியது ஒரு சாண்.

இதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்து மழுப்பி வந்தேன். மலர்க் குழுவினர் கட்டுரை ஒன்று கேட்டபோது, இந்த ஒரு கேள்விக்காவது ஒழுங்காக விடை எழுதிவிடலாம் என்று துணிந்தேன். எழுதப் புகுந்தால், நான் சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் கரூர். பேருந்துகளுக்கு உடல் கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர். என் தந்தையாரும் அந்தத் தொழில்தான் செய்கிறார். நிறுவனத்திலிருந்து சேசிஸ் மட்டும் வந்து சேரும். கூரை இராது, கதவு இராது, கண்ணாடி இராது. ஓட்டுநர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் அதை ஓட்டி வருவார். எலும்புக்கூடு போல் வந்த அந்த வண்டி, சில வாரங்களில் மணப்பெண் போல் வெளியே போகும். பள்ளி விட்டு வந்ததும் பட்டறை ஓரத்தில் உட்கார்ந்து இதைப் பார்ப்பதே என் பொழுதுபோக்கு.

மாரியம்மன் திருவிழாக் கடையில் ஓர் ஆண்டு சின்னஞ்சிறு கார் ஒன்று வாங்கினேன். தவளைக் கண் போன்ற விளக்குகள். பின்பக்கம் சரிந்து இறங்கும் முதுகு. அதன் பெயர் எனக்குத் தெரியாது. பட்டறையில் நின்ற பெரிய பெரிய பேருந்துகளுக்கு நடுவே அதை உருட்டுவேன். பெயர் தெரிந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன்.

பெயரைப் பற்றியே ஒரு கதை உண்டு. 1963ஆம் ஆண்டு பிராங்பர்ட் மோட்டார் கண்காட்சியில் இந்தக் கார் 901 என்ற எண்ணுடன்தான் தோன்றியது. நடுவில் சுழி வைத்த மூன்றிலக்கப் பெயர்கள் தமக்கே உரியவை என்று பிரான்சு நாட்டின் பெஜோ நிறுவனத்தார் மறுப்புத் தெரிவித்தனர். சுழி ஒன்றாயிற்று, 901 என்பது 911 ஆயிற்று. வடிவமைத்தவர் பெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே. ‘வண்டு’ என்று உலகம் செல்லமாக அழைக்கும் வோக்ஸ்வாகன் காரை உருவாக்கிய பெர்டினாண்ட் போர்ஷேயின் பேரர். பாட்டனின் காரைப் போலவே பேரனின் காருக்கும் எஞ்சின் பின்னால்தான். ஆறு சிலிண்டர், தண்ணீரின்றிக் காற்றினாலேயே குளிரும் எஞ்சின். அந்த முறை 1998 வரை நீடித்தது. கார் பலமுறை மாறியும் அந்த முதுகின் சரிவு மட்டும் மாறவில்லை. அதனால்தான் திருவிழாக் கடைக் காரையும், கச்சிபௌலிச் சாலையில் என்னைக் கடந்து போன உண்மைக் காரையும் ஒரே பார்வையில் ஒன்றென்று கண்டுகொண்டேன்.

ஆம், இங்கு வந்த முதல் மாதத்திலேயே அது நடந்தது. பல்கலைக்கழக வாயிலில் நகரப் பேருந்துக்காகக் காத்திருந்தேன். கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் இருக்கும் பக்கமிருந்து ஒரு 911 வந்தது. பத்து வினாடிகூட இராது, போய்விட்டது. என் பேருந்தும் போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன். அந்தக் காரை வாங்கும் எண்ணம் எனக்குக் கனவிலும் எழவில்லை. அதைச் செய்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம்தான் எழுந்தது. பட்டறைக்காரர் மகனுக்கு வேறு என்ன தோன்றும்?

மாதிரிக் கார் செய்வதைப் பிள்ளை விளையாட்டு என்று எண்ணுவோர், அதன் கணக்கைச் சற்றுக் கேட்க வேண்டும். 1:24 என்பது பலரும் கையாளும் அளவு. முதல் 911இன் நீளம் 4,163 மில்லிமீட்டர். 24இல் ஒரு பங்காக்கினால் 17.3 சென்டிமீட்டர். நீளம் 24இல் ஒன்றானால் பரப்பு 576இல் ஒன்றாகும். கன அளவோ 13,824இல் ஒன்றாகும். 1,080 கிலோ எடையுள்ள காரை அதே இரும்பாலும் கண்ணாடியாலும் அந்த அளவில் செய்ய முடிந்தால், அதன் எடை 78 கிராம்தான். ஒரு பெரிய எலுமிச்சம் பழத்தின் எடை! இதற்கு மறுபக்கமும் உண்டு. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், உண்மைக் காரில் அது 24 மில்லிமீட்டர் பிசகு. கதவோரத்தில் ஓர் அங்குல இடைவெளி தெரியும் காரை யார் வாங்குவர்? சிறிய பொருளில் சிறிய பிழை என்று ஒன்று இல்லை.

மேல்நாட்டார் இந்தக் கலைக்கு நீண்ட வரலாறு கண்டிருக்கிறார்கள். 1:43 என்ற அளவு பொம்மை ரயிலிலிருந்து வந்தது. 1930களில் டிங்கி கார்கள் அந்த ரயிலுக்குத் துணையாகப் பிறந்தவை. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டு வரலாம் என்று விதி இருந்ததாம். ஜாக் ஓடெல் என்ற ஆங்கிலேயர் தம் மகளுக்காகச் சாலை உருளை வண்டியொன்றைத் தீப்பெட்டியளவில் செய்து கொடுத்தார். 1953இல் ‘மேட்ச்பாக்ஸ்’ கார்கள் கடைக்கு வந்தன. ஜப்பானின் ஷுன்சாகு தாமியா இன்னும் ஒரு படி மேலே போனார். 1976இல் வெளிவந்த போர்ஷே மாதிரிக்காக உண்மையான 911 ஒன்றையே விலைக்கு வாங்கி, திருகு திருகாகக் கழற்றி அளந்தார். மீண்டும் பூட்டுவதற்குப் போர்ஷே பொறியாளர்களை அழைக்க வேண்டியதாயிற்று என்பார்கள்.

இவற்றையெல்லாம் வியந்துகொண்டிருந்த எனக்கு, நம் பக்கம் திரும்பிப் பார்த்தபோதுதான் வெட்கம் வந்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதிப் பருவமே சிறுதேர் உருட்டல் அல்லவா? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவன் குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேரை உருட்டி வருகிறான். கோழியை விரட்ட எறிந்த பொற்குழை அதன் வழியை மறிக்கிறது. அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையிலும் ஒரு பொம்மைத் தேரைக் காட்டுகிறார். ஏறிச் செல்ல முடியாத தேர். ஆனால் தச்சர் வீட்டுப் பிள்ளைகளே பார்த்து ஆசைப்படும்படி செய்த தேர். இந்த இடத்தைப் படித்த அன்று நான் நெடுநேரம் புத்தகத்தை மூடவில்லை. தேர் செய்வதை நாள்தோறும் பார்க்கும் பிள்ளையை ஒரு பொம்மைத் தேர் மயக்க வேண்டுமானால், அதன் வேலைப்பாடு எப்படி இருந்திருக்க வேண்டும்! அந்தத் தச்சச் சிறுவர்களின் இனம்தான் நானும்.

இனி அந்தப் பொய்க்கு வருகிறேன்.

கடையில் உருக்கி வார்த்த கார்களைச் சேர்ப்பது ஒரு வகை; உறுப்பு உறுப்பாக வாங்கி ஒட்டிச் சாயம் பூசிச் செய்வது மற்றொரு வகை. பத்துக் கார்களைச் சேர்த்த பின், செய்து பார்க்கும் ஆசை என்னை விடவில்லை. ஜப்பானில் செய்த 1:24 பெட்டி ஒன்றின் விலை 3,400 ரூபாய். உதவித்தொகை வரவில்லை. தந்தையாரிடம் கேட்டேன். “புத்தகம் வாங்க வேண்டும்” என்றேன். அவர் ஒரு சொல்லும் கேட்காமல் மறுநாளே பணம் அனுப்பினார்.

பெட்டி வந்தது. இரவெல்லாம் ஒட்டினேன். மேலுடலுக்குச் சாயம் பூசும் நாள் வந்தது. கடையில் கிடைத்த தின்னரைக் கலந்து கூரைமேல் அடித்தேன். கண்முன்னே கூரை சுருங்கி வெடித்து, வறண்ட ஏரியின் அடிநிலம் போலாயிற்று. என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான். இரவு ஒன்பது மணிக்குக் கரூருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

“அப்பா, பிளாஸ்டிக் மேலே பெயின்ட் அடித்தால் ஏனுங்க வெடிக்குது?”

“எந்தப் பிளாஸ்டிக்குச் சாமி? பம்பரா?”

“பம்பர் மாதிரிதானுங்க.”

“தகரத்துக்கு ஊத்தற தின்னரைப் பிளாஸ்டிக்குக்கு ஊத்தினா தின்னுபோடும். மொதல்ல பிளாஸ்டிக்குன்னு இருக்கற பிரைமர் அடிக்கோணும். பெயின்ட்டை ஒரே தடவையில போர்த்தாதே. பனி எறங்கற மாதிரி அடி. காயட்டும். வாட்டர் பேப்பர் போடு. மறுபடி அடி.”

ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவர் சொன்னபடியே செய்தேன். வெடித்த இடத்தைப் பட்டி வைத்து அடைத்தேன், தேய்த்தேன், நான்கு முறை மெல்லிதாக அடித்தேன். கனமாக அடித்தால் மாதிரியில் அந்தக் கனம் 24 மடங்காகத் தோன்றும். விளிம்புகள் மழுங்கி, சாக்லெட்டில் முக்கிய கார் போல் ஆகிவிடும். பேருந்துக்குச் சொன்ன பாடம் ஒரு சாணுக்கும் குறைந்த பொருளுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தியது. கார் பளபளத்தது. எனக்குத்தான் உள்ளே உறுத்தியது.

இரண்டு மாதம் கழித்து, உடல் கட்டிய பேருந்து ஒன்றை ஒப்படைக்கத் தந்தையார் ஐதராபாத்துக்கு வந்தார். என் அறையில் ஓரிரவு தங்கினார். உள்ளே வந்ததும் அலமாரியைத்தான் பார்த்தார். பதினொன்றில் நான் செய்ததை எப்படி அறிந்தாரோ, நேராக அதையே எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் கூரையைத் தடவினார். பட்டி வைத்த இடத்தில் நகம் நின்றது.

“இதானா சாமி அந்தப் பம்பரு?”

நான் தலைகுனிந்தேன். “எவ்வளவு ஆச்சு?” என்றார். 3,400 என்றேன். அது எந்தப் பணம் என்பதையும் சொன்னேன். அவர் காரைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பழைய இடத்தில் வைத்தார்.

“காசு போனாச் சம்பாரிச்சுக்கலாம். இனி நீ புஸ்தகம்னு கேட்டா, எனக்கு ஒரு நிமிசம் யோசனை வருமில்ல? அந்த ஒரு நிமிசந்தான் சாமி நட்டம்.”

வேறு ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் உறங்கிவிட்டார். எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் அடித்திருந்தால்கூட நான் நிம்மதியாக உறங்கியிருப்பேன்.

மறுநாள் அவருக்கு இரவு வரை வேலையில்லை. எங்கே அழைத்துப் போவது? பகதூர்புராவில் மிருகக்காட்சிச் சாலைக்கு அருகே உள்ள சுதா கார் அருங்காட்சியகத்துக்குப் போனோம். வழி நெடுக இருவரும் பேசவில்லை. கானியபோயின சுதாகர் என்ற ஐதராபாத்துக்காரர் தம் கையால் செய்த வண்டிகளை வைத்து 2010இல் திறந்த இடம் அது. கத்தரிக்காய் வடிவில் ஒரு கார். கிரிக்கெட் மட்டை வடிவில் ஒன்று. காலணி வடிவில் ஒன்று. எல்லாம் எஞ்சின் வைத்த வண்டிகள். 2005இல் உலகிலேயே பெரிய மூன்று சக்கர மிதிவண்டியைச் செய்து கின்னஸ் நூலில் இடம் பெற்றவர் இவர். தந்தையார் ஒவ்வொரு வண்டியையும் சுற்றி வந்து பார்த்தார். தகரம் எங்கே வளைத்திருக்கிறது, பற்றவைப்பு எங்கே மறைத்திருக்கிறது என்று குனிந்து பார்த்தார். கத்தரிக்காய் அருகே வந்ததும் சிரித்துவிட்டார்.

“நீ பெருசைச் சிறுசாக்கறே, இவரு சிறுசைப் பெருசாக்கறாரு. ரண்டு பேருக்கும் நடுவால நாந்தான் சரியான அளவுல செஞ்சுட்டிருக்கறேன்.”

நானும் சிரித்தேன். முந்திய நாள் இரவுக்குப் பின் நாங்கள் பேசிய முதற்பேச்சு அது. வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது அவராகவே கேட்டார்: “அந்த 24ங்கறது என்ன கணக்கு?” ஓர் அடிக்கு அரை அங்குலம் என்றேன். அவர் ஆயுள் முழுவதும் அடியிலும் அங்குலத்திலும் வேலை செய்தவர். மில்லிமீட்டரில் சொல்லியிருந்தால் தயங்கியிருப்பார். இதைக் கேட்டதும், “அப்படீன்னா நம்ம 36 அடி வண்டி ஒண்ணரை அடி வருமா?” என்றார்.

ஊருக்குப் போன பத்தாம் நாள், அவர் கையெழுத்தில் ஒரு தாள் வந்தது. பேருந்தின் நீளம், அகலம், சன்னல் உயரம், படியின் ஆழம், கூரையின் வளைவு எல்லாம் அடியிலும் அங்குலத்திலும் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பாதியாக்கிய கணக்கையும் அவரே போட்டிருந்தார். கடையில் 911க்குப் பெட்டி கிடைக்கிறது; கரூர்ப் பேருந்துக்குக் கிடைக்காது. பிளாஸ்டிக் தகடு வாங்கி வெட்டித்தான் செய்ய வேண்டும். இப்போது அந்தப் பன்னிரண்டாவது வண்டிதான் என் மேசைமேல் பாதியுடலோடு நிற்கிறது. தகட்டின் விலையைச் சொல்லித்தான் பணம் கேட்டேன். பொம்மைக்கு என்று சொல்லித்தான் கேட்டேன்.

சென்ற பருவத்தில் உண்மையாகவே ஒரு பாடநூல் வாங்க வேண்டியிருந்தது. கேட்டேன்; மறுநாள் பணம் வந்தது. அனுப்புமுன் அவர் ஒரு நிமிடம் யோசித்தாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் இதுவரை வரவில்லை. வாங்கிய நூலின் ரசீதை மட்டும் அவருக்கு அனுப்பி வைத்தேன்.

நண்பர்களே, இந்த வயதிலும் பொம்மைக் காரா என்று இனியும் கேளுங்கள். மேல்தட்டில் இருக்கும் பதினோராவது காரை எடுத்து, கூரைமேல் நகத்தால் தடவிப் பாருங்கள். பட்டி வைத்த இடம் தெரியும். அதை மீண்டும் தேய்த்து மறைத்துவிட எனக்கு இப்போது தெரியும். மறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.