சருகு பெருக்காத கொல்லை

திருவனந்தபுரத்துக்கு வருபவர்கள் பத்மநாபசுவாமி கோயில், மியூசியம், கோவளம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு ரயிலேறி விடுகிறார்கள். கொல்லைப்புறத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. சாஸ்தமங்கலத்திலோ கரமனையிலோ ஒரு பழைய வீட்டின் பின்பக்கம் காலை ஆறரை மணிக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால், டிக்கெட் இல்லாமல் ஒரு கச்சேரி கேட்கலாம். ஒரு பலா, நாலு தென்னை இருந்தால் போதும்.

தமிழருக்கு இங்கே கூடுதல் லாபம் ஒன்று உண்டு. அது பெயர்கள். நிறத்தைப் பார்த்து நாம் 'தவிட்டுக்குருவி' என்று அழைப்பதை மலையாளிகள் 'கரியிலக்கிளி' என்கிறார்கள். கரியிலை என்றால் சருகு. ஆறேழு குருவிகள் கும்பலாக இறங்கி, சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். ஒன்று பூனையைக் கண்டால் கூட்டமே கூச்சலிடும். ஒரு ஜோடியின் குஞ்சுகளுக்கு மற்றவையும் இரை ஊட்டும். இந்தக் கூட்டுக் குடும்பத்தை ஏமாற்றி அக்காக்குயில் முட்டையிட்டுவிட்டுப் போவதும் உண்டு.

நம் ஊரில் 'வால்காக்கை' நீண்ட வாலால் பெயர் பெற்றது. இங்கே அது 'ஓலேஞ்ஞாலி', அதாவது ஓலையில் ஊசலாடுவது. தென்னை ஓலையில் அது தொங்குவதை ஒருமுறை பார்த்தவருக்குப் பெயர் மறக்காது. அடுத்த பறவையின் கூட்டில் முட்டை திருடும் குணமும் அதற்கு உண்டு. குக்குறுவான் விஷயத்தில் மட்டும் இரு மொழிகளுக்கும் பேதமில்லை. இங்கே அது 'குட்டுறுவன்'. இரண்டுமே குரலைக் கேட்டு வைத்த பெயர்கள். பச்சை உடம்புக்காரர், இலைகளுக்குள் லேசில் கண்ணில் பட மாட்டார். பட்டுப்போன கிளையைக் குடைந்துதான் கூடு அமைப்பார்.

1933ல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். அந்த அறிவைச் சாதாரண மலையாள வாசகரிடம் கொண்டு சேர்த்தவர், 'இந்துசூடன்' என்ற பெயரில் எழுதிய ஆங்கிலப் பேராசிரியர் கே.கே. நீலகண்டன். அவருடைய 'கேரளத்திலே பட்சிகள்' 1958ல் வெளிவந்தது. பின்னர் 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் மாநிலம் முழுக்க நடத்திய கணக்கெடுப்பில் 361 இனங்கள் பதிவாயின.

கணக்கு வளர்ந்திருக்கிறது, கொல்லைதான் சுருங்குகிறது. மரங்கள் நின்ற பறம்புகள் துண்டு துண்டாகி அடுக்குமாடிகள் எழுகின்றன. மிஞ்சிய முற்றத்தில் இன்டர்லாக் கற்களைப் பதிக்கிறார்கள். சருகு என்றால் குப்பை, பட்ட கிளை என்றால் ஆபத்து என்றாகிவிட்டது. இரண்டையும் அகற்றிவிட்டால் கரியிலக்கிளிக்குச் சாப்பாடு இல்லை, குட்டுறுவனுக்கு வீடு இல்லை. காகமும் மைனாவும் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். மற்றவற்றின் பெயர்கள் அகராதியில் இருக்கும்.

பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பைனாகுலர் வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். மரத்தடியில் பத்தடி இடத்தைப் பெருக்காமல் விடுங்கள். பட்ட கிளை யார் தலையிலும் விழாத இடத்தில் இருந்தால் வெட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், விருந்தாளிகள் வருகிறார்கள் என்று சொல்லுங்கள்.