மூன்று டிஸ்க்குகள் கற்றுத்தந்த பாடம்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

பதறாத காரியம் சிதறாது என்பது முதுமொழி. அதன் பொருளை நான் வகுப்பில் கற்றதைவிட, சென்ற கோடை விடுமுறையில் அப்பாவின் போட்டோ ஸ்டூடியோவில் கற்றதே அதிகம்.

அம்பத்தூரில் அப்பா சிறிய ஸ்டூடியோ நடத்தி வருகிறார். திருமணம், புதுநன்மை, கிரகப்பிரவேசம் என்று அவர் எடுத்த படங்கள் யாவும் அங்குள்ள கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. இறைவனடி சேர்ந்துவிட்ட எங்கள் பாட்டியின் பொன்விழாத் திருப்பலிப் படங்களும் அதில்தான்.

அதில் 1 டெராபைட் அளவுள்ள மூன்று ஹார்டு டிஸ்க்குகள் இருந்தன. லினக்ஸ் மென்பொருள் மூன்றையும் சேர்த்து ஒரே டிஸ்க்காகக் காட்டும். இம்முறைக்கு 'ரெய்டு' என்று பெயர். விலை மிகுந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஒரு டிஸ்க் பழுதானாலும் செய்தி அழியாது என்பதே இதன் சிறப்பு. ஒரு தாளில் 7, இன்னொன்றில் 5, மூன்றாவதில் கூட்டுத்தொகை 12 என்று எழுதுங்கள். எந்தத் தாள் தொலைந்தாலும் மற்ற இரண்டைக் கொண்டு அதைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு தாள்கள் தொலைந்தாலோ, தொலைந்ததுதான்!

இடம் நிறைந்துவிட்டதால் அப்பா 4 டெராபைட் டிஸ்க்குகள் மூன்று வாங்கி வந்தார். கோவையில் வேலை பார்க்கும் அண்ணன் தொலைபேசியில் வழி சொன்னார். ஒரு பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். அது நிரம்பும்வரை காத்திருந்து, பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். "எல்லாவற்றுக்கும் முன்னால் படங்களை வேறோர் இடத்தில் நகல் எடுத்து வை" என்றும் சொன்னார். எனக்கோ அவசரம். "ஒன்று பழுதானாலும் அழியாதே, நகல் எதற்கு?" என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

முதல் டிஸ்க் மூன்று மணி நேரத்தில் நிரம்பியது. இரண்டாவதை மாட்டினேன். அறுபது சதவீதத்தில் வேலை நின்றது. மாற்றப்படாத பழைய டிஸ்க்கும் பழுது என்றது திரை. என் நெஞ்சு நின்றுவிட்டது போலிருந்தது. இரண்டு தாள்கள் தொலைந்துவிட்டனவே!

அப்பா திட்டவில்லை. "பாட்டி படமும் போச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது. அம்மா புனித அந்தோனியார் படத்தின்முன் மெழுகுவர்த்தி ஏற்றினார். தெரிந்தவர் ஒருவர், "எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கிவிடலாம்" என்றார். அண்ணன் பதறிப்போய்த் தடுத்தார். "புதிதாக உருவாக்கினால் உள்ளதும் போய்விடும். எதையும் எழுதாதே. முதலில் காரணத்தைத் தேடு" என்றார்.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. அதைப் படித்தோம். பழுதான பகுதிகள் பூஜ்யம்! ஆனால் கேபிள் வழியே செய்தி செல்லும்போது நேரும் பிழைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தது. அப்படியானால் கெட்டது டிஸ்க் அல்ல, பாதை! பெட்டியைத் திறந்து பார்த்தோம். புதிய டிஸ்க்கை மாட்டும்போது என் கை பட்டுப் பக்கத்துக் கேபிள் பாதி கழன்றிருந்தது.

புதிய கேபிள் மாட்டினோம். கடைசியாக எதுவரை எழுதப்பட்டது என்பதற்கு ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஓர் எண்ணிக்கை உண்டு. நல்ல டிஸ்க்குக்கும் விலகிய டிஸ்க்குக்கும் அதில் சிறிய வேறுபாடே இருந்தது. ஆகவே 'எம்.டி.ஆடம்' என்னும் கருவியைக் கொண்டு இரண்டையும் வற்புறுத்தி ஒன்றுசேர்க்கச் சொன்னார் அண்ணன். படிக்க மட்டும் என்று திறந்தோம். திரையில் பாட்டி சிரித்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இம்முறை முதல் வேலையாகத் தனி டிஸ்க் ஒன்று வாங்கி நகல் எடுத்தோம். பிறகே எஞ்சிய இரண்டையும் மாற்றினோம்.

முடிந்தபின்னும் மொத்த இடம் பழைய 2 டெராபைட்டாகவே காட்டியது! பக்கத்து மனையை வாங்கினாலும் பழைய வேலி அங்கேயே நிற்கும் அல்லவா? முதலில் வேலியைத் தள்ளிப்போட வேண்டும். பிறகு வீட்டை நீட்ட வேண்டும். அவ்வாறே முதலில் தொகுப்பின் அளவையும், அடுத்துக் கோப்பு முறைமையின் அளவையும் பெருக்கினோம். 8 டெராபைட் கிடைத்தது.

பத்துக் கன்னியர் உவமையில் முன்மதியுள்ள ஐவர் விளக்கோடு எண்ணெயும் எடுத்துச் சென்றார்கள். ரெய்டு என்பது விளக்கு, நகலே எண்ணெய். ஒரு டிஸ்க் பழுதானால் ரெய்டு காக்கும். தவறுதலாக அழித்தாலோ, 2015 டிசம்பரில் சென்னை கண்டதுபோல் வெள்ளம் புகுந்தாலோ காக்காது. இப்போது எங்கள் நகல் டிஸ்க் பூந்தமல்லியில் அத்தை வீட்டு அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதைப் புதுப்பிப்பது என் பொறுப்பு.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுப் படங்களுக்கும் இன்னொரு நகல் இருக்கிறதா? இன்றே பாருங்கள். என்னைப்போல் அழுதுவிட்டுத் தேட வேண்டாம்.