கறுப்பும் வெள்ளையும்

வண்ணங்கள் கண்ணுக்கு விருந்தாவன. செம்பருத்தியின் செம்மையும், இளந்தளிரின் பசுமையும், வானத்தின் நீலமும் காண்பார் உள்ளத்தைக் கவர்வன. அத்தகைய காட்சியைக் கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டே நிறங்களால் காட்ட இயலுமோ? இயலும் என்பதைக் கணினிக் கலை மெய்ப்பித்துள்ளது.

1984-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் என்னும் கணினியை வெளியிட்டது. அதன் திரையில் குறுக்கே 512 புள்ளிகளும் நெடுக்கே 342 புள்ளிகளும் இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும். இடைநிறம் என்பதே இல்லை. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் போதுமாதலின், திரை முழுவதையும் 21,888 பைட்டுகளில் அடக்க முடிந்தது. இன்று வழங்கும் முழு வண்ணத்தில் அதே அளவுள்ள படத்திற்கு 5,25,312 பைட்டுகள் வேண்டும். அக்கணினியின் நினைவகமோ 1,31,072 பைட்டுகளே கொண்டது. ஆகவே, வண்ணத்தைத் துறப்பது அங்கே தேவையாயிற்று.

இம்மாற்றத்தில் முதற்பணி நிறத்தை ஒளியளவாக்குதல். முழுக் கறுப்பை 0 என்றும், முழு வெள்ளையை 255 என்றும் கொள்வர். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றன் அளவுகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால், தூய சிவப்பும் 85. தூய பச்சையும் 85. மலரும் இலையும் வேறுபாடின்றிக் கலந்துவிடும். மனிதக் கண் பச்சையையே மிகுதியாக உணர்வதால், சிவப்பில் 0.299 பங்கும், பச்சையில் 0.587 பங்கும், நீலத்தில் 0.114 பங்கும் எடுத்துக் கூட்டுவது வழக்கம். அப்பொழுது சிவப்பு 76, பச்சை 150 ஆகும். மலர் வேறு, இலை வேறு என விளங்கும்.

அடுத்த பணி, ஒவ்வொரு புள்ளியையும் இரு நிறங்களுள் ஒன்றாக்குதல். 128-க்குக் குறைந்தவை கறுப்பு, மற்றவை வெள்ளை என வரையறுப்பது எளிது. ஆனால், அதனால் விளையும் தீங்கு பெரிது. மாநிறமுடைய ஓர் அன்னையின் படத்தைக் கருதுக. நெற்றி 110, கன்னம் 96, கண்ணோரச் சுருக்கம் 70 என்றிருப்பின், யாவும் ஒருங்கே கறுப்பாகும். பின்னால் நின்ற சுவர் பளிச்சென்று தோன்றும். அன்னையின் முகமோ வெறும் நிழலாகிவிடும்.

இக்குறையைப் போக்கும் முறையொன்றை இராபர்ட் பிளாய்டு, லூயி ஸ்டைன்பர்க் என்னும் இருவர் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 96 அளவுள்ள புள்ளியைக் கறுப்பாக்கினால் 96 அளவு ஒளி குறைகிறதன்றோ? அதனை அவர்கள் வீணாக்கவில்லை. பதினாறு பங்காக்கி, வலப்புறப் புள்ளிக்கு 7 பங்கும், நேர்கீழ்ப் புள்ளிக்கு 5 பங்கும், அதன் இடப்பக்கத்துக்கு 3 பங்கும், வலப்பக்கத்துக்கு 1 பங்கும் அளித்தனர். வலப்புறப் புள்ளியும் 96 ஆயின், 42 பெற்று 138 ஆகி வெள்ளையாகும். அதனால் மிகுந்த 117 அளவு, பின்வரும் புள்ளிகளில் அவ்வாறே பகிர்ந்து கழிக்கப்படும். நேர்மையான கணக்கன் அன்றைய மீதியை மறுநாள் ஏட்டில் ஏற்றுவது போன்றது இது.

இவ்வாறு அமைந்த படத்தை அருகில் நோக்கினால் புள்ளிகளின் சிதறலே தெரியும். சற்று விலகி நோக்கினால், கறுப்பும் வெள்ளையும் கலந்து மாநிறமாகி, அன்னையின் முகம் மலரும். தனித்த புள்ளி ஒவ்வொன்றும் பிழையுடையதே. ஆயினும், தன் பிழையை மறையாது அண்டைப் புள்ளியிடம் ஒப்படைத்தமையால், படம் உண்மையாயிற்று. முடிவு செய்வோர் தாம் விட்டதையும் கணக்கில் வைத்தல் வேண்டும் என்பதே இப்புள்ளிகள் புகட்டும் பாடம்.