தேவி பங்கிடும் தண்ணீர்

என் கணவர் நீர்ப்பாசன இன்ஜினீயராக முப்பது வருஷம் மதகும் வாய்க்காலுமாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். பாலித் தீவுக்குப் பிரயாணம் என்றதும் நான் கோயிலையும் நாட்டியத்தையும் நினைத்துக் கொண்டேன். அவரோ, "அங்கே வயல்களுக்குத் தண்ணீர் எப்படி விடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்" என்றார். எங்கே போனாலும் உத்தியோக புத்தி போகுமா?

முதலில் ஜதிலுவி என்ற ஊருக்குப் போனோம். பத்துக்காரு மலைச் சரிவில் படிப்படியாக வயல்கள். நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டுவோமே, அது போல! ஒவ்வொரு படியிலும் பளபளவென்று தண்ணீர். வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை கிடந்தது. அதில் சிறிதும் பெரிதுமாகப் பள்ளங்கள். அவரவர் வயலின் அளவுக்கு ஏற்ப அந்தப் பள்ளங்கள் தண்ணீரைப் பிரித்து அனுப்புகின்றன.

"இவ்வளவுதானா இவர்கள் வித்தை!" என்று இவர் சிரித்தார்.

வண்டி ஓட்டி வந்த இளைஞர் பணிவாகச் சொன்னார்: "ஐயா, கட்டையை மட்டும் பார்க்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் கோயிலையும் பாருங்கள்."

ஆமாம், அணை இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு கோயிலும் இருந்தது. ஒரே வாய்க்காலில் பாயும் விவசாயிகள் சேர்ந்த சங்கத்துக்கு 'சுபக்' என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டாம். எப்போது நடவு, எப்போது வயலைத் தரிசாகப் போடுவது என்பதைக் கோயிலில் கூடித் தீர்மானிக்கிறார்கள். 210 நாள் கொண்ட அவர்களுடைய பஞ்சாங்கம் அதற்கு உதவுகிறது. தெய்வத்தோடும், சக மனிதரோடும், இயற்கையோடும் இசைந்து வாழ்வதே நலம் என்பது அவர்கள் தத்துவம். 'திரி ஹித கரண' என்று அதைச் சொல்கிறார்கள்.

தத்துவம் இருக்கட்டும். மேட்டில் இருப்பவன் தண்ணீரைத் தானே எடுத்துக் கொள்ளாமல் பள்ளத்தில் இருப்பவனுக்கு ஏன் விட வேண்டும்? நம் குழாயடியில் முதல் குடம் வைத்தவள் விட்டுக் கொடுத்து நான் பார்த்ததில்லை!

விடை பூச்சியில் இருக்கிறது. ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒரு குடித்தனம் மட்டும் மூட்டைப்பூச்சிக்கு மருந்தடித்தால் என்ன பிரயோசனம்? எல்லோரும் ஒரே நாளில் அடிக்க வேண்டும். வயலும் அப்படித்தான். சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே சமயத்தில் அறுத்துத் தரிசு போட்டால், பூச்சிகள் தின்ன எதுவுமின்றி மடிகின்றன. பள்ளத்துக்காரனுக்குத் தண்ணீர் கிடைக்காமல் அவன் வேறு மாதத்தில் நட்டால், அவன் வயல் பூச்சி மேட்டு வயலுக்கும் ஏறிவிடும். ஆகவே, தண்ணீரைப் பங்கு கொடுப்பது தர்மம் மட்டுமல்ல, லாபமும்தான்.

1970ஆம் வருஷங்களில் புதிய ரக நெல் வந்தது. "கோயில் கணக்கெல்லாம் எதற்கு? முடிந்த மட்டும் அடுத்தடுத்து நடுங்கள்" என்று அதிகாரிகள் சொன்னார்கள். நட்டார்கள். தண்ணீர் பற்றாமல் போயிற்று. புகையான் கிளம்பி விளைந்த பயிரை நாசமாக்கிற்று. புகையானுக்குத் தாங்கும் ரகம் கொடுத்தார்கள். துங்ரோ என்ற நச்சுநோய் வந்தது. எத்தனை குடும்பங்களில் அடுப்பு எரியாமல் இருந்திருக்கும்!

ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியல் அறிஞரும், ஜேம்ஸ் கிரெமர் என்ற உயிர்ச்சூழல் அறிஞரும் இரண்டு ஆறுகளில் பாயும் 172 சுபக்குகளைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்கள். தனித்தனியே நட்டால் பூச்சி. எல்லோரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் பஞ்சம். இரண்டுக்கும் நடுவே அதிக விளைச்சல் தந்த ஏற்பாடு எது தெரியுமா? கோயில்கள் வகுத்து வைத்திருந்ததை ஒத்ததுதான்!

மறுநாள் பத்தூர் ஏரிக் கோயிலுக்குப் போனோம். 1926ல் எரிமலை பொங்கிப் பழைய கோயிலை மூடிவிட்டது. ஊரார் மேலே, மலை விளிம்பில் மறுபடி எழுப்பினார்கள். ஏரித் தாய் தேவி தானுவுக்குப் படையல் வைத்துத் தீர்த்தம் வாங்கிப் போகிறார்கள். அதைத் தங்கள் வயல் தண்ணீரில் கலப்பார்களாம்.

திரும்பும் வழியில் இளைஞர், "என் அப்பாவோடு எங்கள் வீட்டு விவசாயம் முடிந்தது. பக்கத்து வயலில் ஓட்டல் வந்துவிட்டது" என்றார். 2012ல் யுனெஸ்கோ இந்தப் பாசன முறையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையைப் பார்க்க வருகிறவர்கள் தங்கவும் ஓட்டல்தானே வேண்டும்! நாங்களும் அப்படி ஒன்றில்தான் தங்கியிருந்தோம். கோயில் மதகைத் திறக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்க வயல் வேண்டாமா?

இவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எத்தனையோ மதகு கட்டினேன். கட்டுமுன் அந்த ஊர்க்காரர்களை உட்கார வைத்து, 'உங்கள் வழக்கம் என்ன?' என்று ஒரு தடவையாவது கேட்டேனா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே, வாத்துக் கூட்டம் ஒன்று அறுத்த வயலில் இறங்கிப் பூச்சி பொறுக்கிக் கொண்டிருந்தது.